கிராணியின் சட்டைப் பையில் மூன்று போன்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருக்கிறேன். காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. யார் வந்தார்கள், எத்தனை பேர் குலை வெட்டு, எத்தனை பேர் உரம் என்று அங்கேயே நின்று போனில் பதிந்துவிட வேண்டும். அப்புறம் வெயில் ஏற ஏற மோட்டாரில் காட்டுக்குள் சுற்றி, பிளாட்பாரத்தில் அடுக்கிய குலைகளை எண்ணிப் படம் எடுத்து, உதிரிப்பழ மூட்டைக் கணக்கோடு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். முன்பு இதற்கெல்லாம் காதில் ஒரு பென்சிலும் கையில் ஒரு புத்தகமும் போதும். இப்போது போன் படுத்தால் என் வேலையும் படுத்துவிடும்.

ஆறு வருடத்தில் மூன்று போன் மாற்றிவிட்டேன். முதலில் ரெட்மி நோட் 8. 2022இல் இரண்டாம் கையாக ஒரு ஐபோன் 11. 2024இல் சாம்சுங் கேலக்சி ஏ55. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோன், ஐபோனிலிருந்து மறுபடியும் ஆண்ட்ராய்டு. இதனால் மண்டோர்கள் (வேலையை மேற்பார்ப்பவர்கள்), பக்கத்து வீட்டு அக்கா, மச்சான் என்று யார் போன் வாங்கப் போனாலும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். “எதுண்ணே நல்லது?” என்பார்கள். அவர்களுக்கு வாசலில் நின்று சொன்னதையெல்லாம் இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் வெயில். கடையில் ஏர்கண்டிஷனுக்குக் கீழே எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு, மேலே மட்டை மறைப்பு இல்லாத சாலையோரப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஐபோன் 11-இன் திரை எல்சிடி வகை, அதன் வெளிச்சம் அதிகபட்சம் 625 நிட்ஸ். அதுவும் போன் சூடாகிவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையைத் தானே மங்கவைத்துக்கொள்ளும். ஆப்பிளே அதை 35 டிகிரி வரை சூடுள்ள இடத்தில் பயன்படுத்தத்தான் சொல்கிறது. நம் காட்டில் வெயிலில் நிற்கும் கையில் அந்த 35 எங்கே நிற்கிறது? பல நாள் நான் தொப்பியைக் கழற்றிப் போனுக்குப் பிடித்து, தலையை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு குலை எண்ணியிருக்கிறேன். ஏ55-இன் அமோலெட் திரை வெயிலில் 1,000 நிட்ஸ் வரை ஏறுகிறது. கண்ணைச் சுருக்காமல் எண்ணைப் படிக்க முடிகிறது. எனக்கு இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அடுத்தது விரல். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். உளி பிடித்த கை, பால் காய்ந்து உரித்த கை. அவருடைய கட்டைவிரலில் ரேகை என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. வங்கி கவுண்டரில் மைகாட் அடையாள அட்டையைச் சரிபார்க்க அந்தக் கறுப்புக் கண்ணாடியில் விரலை வைப்பார். சிவப்பு விளக்கு வரும். துடைத்து வைப்பார், மறுபடி சிவப்பு. அந்தப் பெண் ஈரத் துணி கொடுப்பாள், “இன்னொரு விரல் வைங்க பாக்சிக்” என்பாள். பின்னால் வரிசை நீளும். அப்பா ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததால், போனில் விரல் ரேகைப் பூட்டு என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் நினைவுக்கு வரும்.

என் கை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் உரம் போடும் வாரத்தில் ரெட்மியின் பின்பக்க ரேகைப் பூட்டு பத்துக்கு நான்கு தடவை மறுக்கும். ஐபோன் 11 முகத்தைப் பார்த்துத் திறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத 30,000 அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி, மேடு பள்ளத்தை அளந்து அடையாளம் காண்கிறது. அதனால் காலை ஐந்தரை இருட்டிலும் பிசகாது. பெரட்டுக் களத்தில் நாற்பது பேர் காத்து நிற்கும்போது அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று என்னைக் கேளுங்கள். ஒரே குறை, மருந்தடிக்கும் நாளில் முகக்கவசம் போட்டிருப்போம். கவசத்தோடு திறக்கும் வசதி 2022இல் ஐஓஎஸ் 15.4-உடன் வந்தபோது, ஐபோன் 12-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும்தான் கொடுத்தார்கள். 11-க்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆறு எண்ணைத் தட்ட வேண்டியதுதான்.

ஏ55-இல் ரேகை படிக்கும் இடம் திரைக்கு அடியில். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலைக்கு அதிகம் படாத இடது கை மோதிர விரலைப் பதிந்தேன். அதே விரலை இரண்டு தடவை, வெவ்வேறு பெயரில். குளித்துவிட்டு வந்த கையோடு ஒரு தடவை, வேலை முடிந்து வந்த கையோடு ஒரு தடவை. இப்போது பெரும்பாலும் ஒரே தொடலில் திறக்கிறது. குலை வெட்டும் தம்பிகள் பலருக்கு இதே மாதிரி பதிந்து கொடுத்திருக்கிறேன், அவர்களுக்கும் வேலை செய்கிறது.

சரி, மாறும் கதைக்கு வருகிறேன். ரெட்மியிலிருந்து ஐபோனுக்குப் போனபோது நான் பட்ட பாடு சின்னதில்லை. கடையில் “எல்லாம் தானா வந்துரும்” என்றார்கள். நானும் நம்பி, அன்றே புதுப் போனைத் திறந்து எண்ணைப் போட்டு வாட்சாப்பை ஏற்றிவிட்டேன். உள்ளே வெறிச்சென்று இருந்தது. இரண்டு வருடக் குலைக் கணக்குப் படங்கள், மண்டோர்கள் அனுப்பிய குரல் பதிவுகள், மனைவியிடம் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் சொல்லி வைத்தவர்களின் பாக்கிக் கணக்கு (அவள் ஆர்டரும் என் எண்ணில்தான் வரும்) எதுவுமே இல்லை. காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஆண்ட்ராய்டில் வாட்சாப் தன் காப்பு நகலை (பேக்கப்) கூகுள் கணக்கில் வைக்கிறது, ஐபோனில் ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்று சேர்த்து வைத்ததை மற்றது எடுத்துக்கொள்ளாது.

மாற்றுவதற்கு வழி இருக்கிறது, ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். பழைய ஆண்ட்ராய்டில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற ஆப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். ஐபோன் புதிதாகவோ முழுக்க அழிக்கப்பட்டோ இருக்க வேண்டும். அதை முதல்முறை அமைக்கும்போதே இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டும். இரண்டு போனும் மின்சாரத்தில் செருகி, ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். எண்ணும் அதே எண்ணாக இருக்க வேண்டும். நான் மூன்று நாள் பயன்படுத்திய ஐபோனை மறுபடி அழித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். நம் வீட்டு வைஃபை வேகத்துக்கு அந்தக் கோடு நகர்வது, ஆமை போகிற போக்கு. பாதியில் ரெட்மியின் திரை அணைந்து வேலை நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் பாக்கிக் கணக்கெல்லாம் திரும்பி வந்தது. நல்லவேளை, பழைய போனை அன்றே கடையில் கொடுத்துக் கழிக்காமல் இருந்தேன். யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பழைய போனை ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். இருநூறு வெள்ளிக்காக அதை உடனே விட்டுவிடாதீர்கள்.

2024இல் ஐபோனிலிருந்து ஏ55-க்கு வந்தபோது சூடு பட்ட அனுபவம் இருந்தது. ஒரு பக்கம் லைட்னிங், மறுபக்கம் டைப் சி உள்ள கேபிள் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தேன். புதுப் போனை அமைக்கும்போதே கேபிளால் இணைத்து, சாம்சுங்கின் ‘ஸ்மார்ட் ஸ்விட்ச்’ ஆப் வழியாகப் போனேன். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வாட்சாப் அழைப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை, அது வராது. இன்னொன்று, ஐபோனை விட்டு வரும்போது அதில் ஐமெசேஜை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்தி பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

வங்கி ஆப்பைப் பற்றி யாருமே எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். மோசடிகள் பெருகியதால் 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. ஒரு கணக்குக்கு ஒரு போன்தான் ஒப்புதல் கொடுக்கும் போனாக இருக்க முடியும். புதுப் போனில் முதல்முறை பதிந்தால் கொஞ்ச நேரம் காத்திருப்பு உண்டு, அதுவரை பணம் அனுப்ப முடியாது. நல்ல ஏற்பாடுதான், யாராவது நம் பெயரில் இன்னொரு போனில் நுழைந்தாலும் அந்த இடைவெளியில் தப்பிக்கலாம். ஆனால் நான் போன் மாற்றியது சரியாக ஏழாம் தேதி, சம்பள நாள். மகளுக்கு விடுதிக் கட்டணம் அன்றைக்கே கட்ட வேண்டும். கையில் பணம் இருந்தும் அனுப்ப முடியாமல், தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓடி மெஷினில் காசெடுத்து, மச்சானிடம் கொடுத்து அவர் கணக்கிலிருந்து அனுப்பச் சொன்னேன். சம்பள வாரத்தில் போன் மாற்றாதீர்கள். மாற்றுவதற்கு முன்பே அவசரத்துக்கு வேண்டியதை அனுப்பி முடித்துவிடுங்கள்.

இரண்டாம் கை ஐபோன் வாங்குவோருக்கும் சில சொற்கள். என் ஐபோனுக்கு 1,400 வெள்ளி கொடுத்தேன். பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் செட்டிங்சில் ஜெனரல், அதற்குள் அபவுட் என்று போய்ப் பார்த்தேன். அங்கே பாகங்களின் வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது (ஐஓஎஸ் 15.2-இலிருந்து வருகிறது). அதில் பேட்டரிக்கு நேரே ‘அறியாத பாகம்’ என்று எழுதியிருந்தது. அசல் பேட்டரி இல்லை. அதனால் பேட்டரி எத்தனை சதவீதம் நலமாக இருக்கிறது என்ற கணக்கையும் நம்ப வழியில்லை. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் போன் படுத்துவிடும். கடையில் கேட்டால் “நாங்க அப்படியே வாங்கி அப்படியேதான் விக்கிறோம்” என்றார்கள். காசு கொடுப்பதற்கு முன், கடையிலேயே நின்று அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கு அதிலிருந்து வெளியேறிவிட்டதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அது கண்ணாடிக் கல்தான். ஏபி செட்டாக (வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்குமதி செய்த போனாக) இருந்தால் எந்த நாட்டுக்குச் செய்தது என்று கேளுங்கள். அமெரிக்காவுக்குச் செய்த ஐபோன் 14-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான்.

பேட்டரி அளவை மட்டும் வைத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஐபோன் 11-க்கு 3,110 எம்ஏஎச், ஏ55-க்கு 5,000. ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வரும்போது ஏ55-இல் பாதி மிச்சம் இருக்கும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டும்.

சிக்னல் கதை வேறு. நம் நாட்டில் 3ஜி சேவையை 2021 டிசம்பர் 31-க்குள் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் நல்ல குரலில் பேச வேண்டுமென்றால் 4ஜி வழியாகவே அழைப்பு போக வேண்டும், அதற்கு வோல்ட்டி என்ற வசதி இயங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சில போன்களில் நம் நிறுவனங்களின் சிம்முக்கு அது இயங்காது. அப்போது 2ஜிக்கு இறங்கித்தான் பேச வேண்டியிருக்கும். எங்கள் மேட்டுக் காட்டில் ஒரு சிம்முக்குக் கோடு நிற்கும், பள்ளத்தில் வேறொரு சிம்முக்கு நிற்கும். ஆகவே இரண்டு சிம் இல்லாமல் என்னால் வேலை பார்க்க முடியாது. ரெட்மியில் இரண்டு சிம்மும் மெமரி கார்டும் ஒன்றாகவே போடலாம், அந்த வசதியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஐபோன் 11-இல் ஒரு சிம், ஓர் இசிம். கார்டு எந்த ஐபோனிலும் கிடையாது. ஏ55-இல் இரண்டாவது சிம்மா கார்டா என்று நீங்கள் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் ஒன்றை இசிம்மாக மாற்றிக் கார்டையும் போட்டுக்கொண்டேன்.

ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது, பள்ளத்தில் ஐபோன் 11 அனுப்பத் திணறிய படத்தை ஏ55 அனுப்பிவிட்டது. ஐபோன் 11 வரிசையில் இருந்தது இன்டெல் மோடம் (சிக்னலைப் பிடிக்கும் சில்லு), 2020இல் வந்த 12-இலிருந்து குவால்காமுக்குப் போய்விட்டார்கள்.  ஏ55-இலும் காட்டுக்குள் 5ஜியை அணைத்து 4ஜியில் நிறுத்திவிடுவேன். இல்லாத கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரி கரைவது நிற்கும்.

மோட்டார் ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். கைப்பிடியில் போனை மாட்டி வைத்து நான் ஒரு வருடம் காட்டுச் சாலையில் ஓடினேன். பிறகு ஐபோன் கேமரா குலையைப் பார்த்தால் நடுங்கும், தெளிவாகவே பிடிக்காது. மோட்டார் எஞ்சினின் அதிர்வு கேமராவுக்குள் இருக்கும் ஆட்டம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கேமரா மாற்ற நல்ல காசு போனது. ஏ55 கேமராவிலும் அப்படிப்பட்ட பாகம் இருக்கிறது. அதனால் இப்போது சட்டைப் பையில் போட்டு, பொத்தான் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். உடம்பு அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு சின்ன விஷயம். ஐபோன் படங்களை வாட்சாப்பில் ஆவணமாக அனுப்பினால் ஆபீசின் பழைய கணினியில் திறக்கவில்லை. அது ஹீஃப் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் என்பதற்குள் ‘மோஸ்ட் காம்பாட்டிபிள்’ என்று மாற்றினேன், சரியாகிவிட்டது.

தமிழில் தட்டுவதில் எந்தப் பக்கமும் தாழ்ந்ததில்லை. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைமுறையும் உள்ளேயே இருக்கின்றன. அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர், செல்லினம் என்ற ஆப்பும் அவருடையதுதான். மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையில் தமிழ் படித்தவன் நான், கோயில் குழுவுக்குத் தமிழில் செய்தி எழுதும்போது அதை நினைத்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டால் குரலால் எழுதும் மொழிகளில் ‘தமிழ், மலேசியா’ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. நிதானமாகச் சொன்னால் நன்றாகவே எழுதுகிறது. நடுவில் பசார், சூசா என்று மலாய்ச் சொல் வந்தால் தடுமாறும், திருத்த வேண்டியிருக்கும்.

எது நல்லது என்று கேட்கிற மண்டோருக்கும் குலை வெட்டும் தம்பிக்கும் நான் ஏ55 மாதிரி ஒன்றைத்தான் சொல்கிறேன். வெயிலில் தெரியும் திரை, பெரிய பேட்டரி, இரண்டு சிம், ஐபி67 தர நீர்த்தடுப்பு, ஐந்து வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. காட்டு வேலைக்கு இவை போதும். ஆயுள் என்று பார்த்தால் ஐபோனைக் குறை சொல்ல முடியாது. 2019இல் வந்த 11-க்கு 2025இல் வெளியான ஐஓஎஸ் 26-ம் கிடைத்திருக்கிறது. என் ரெட்மிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால்தான் அந்த ஐபோனை விற்கவில்லை. ஈப்போவில் நல்ல பேட்டரி போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருமண அழைப்பு என்று சொல்லி வாட்சாப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதைத் தொட்டவரின் வங்கிப் பணத்தை வழித்தெடுக்கும் மோசடி நம் நாட்டில் நடக்கிறது. தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் அப்பா யோசிக்காமல் தொட்டுவிடுவார். ஐபோனில் ஏபிகே நிறுவவே முடியாது. என் ஏ55-இலும் மனைவியின் போனிலும் தெரியாத ஆப்பை நிறுவும் அனுமதியை அணைத்து வைத்திருக்கிறேன். அப்படியும் ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997, அதை எல்லோர் போனிலும் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்தேன்.

எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டாத ஆப்புகளை எடுத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பதிந்தேன். தலையை மெதுவாக வட்டமாகச் சுற்றச் சொன்னது போன். அப்பா சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். “கண்ணைத் திறங்கப்பா” என்று மறுபடி செய்ய வைத்தேன். பால்வெட்டை விட்டு எத்தனையோ வருடமாகியும் அவருக்கு இன்னும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். விளக்கைப் போடாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பார். நான் பெரட்டுக்குக் கிளம்பி மோட்டாரைத் தள்ளும்போது, அந்த இருட்டிலேயே அது திறந்து, கோயில் குழுவில் யாரோ பேசிய குரல் பதிவு ஓட ஆரம்பித்திருக்கும். கட்டைவிரலை அவரிடம் யாரும் கேட்பதில்லை.